ஒலிவாங்கிக்கு முன்னால் சொன்ன சுகம்

“நான் பூரண சுகம் அடைந்துவிட்டேன்.”

என் தங்கை ஜெனிற்றா ஒரு மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்ன வசனம் இது. அவளை இலங்கைக்குத் திருப்பி அனுப்பலாம் என்பதற்கான காரணங்களில் ஒன்றாக இதே வசனம் நோர்வேஜிய மொழியில் எழுதப்பட்டு எங்களிடம் திரும்பி வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன், விபூதிப் புதனுக்கு அடுத்த நாள். சட்டத்தரணி தொலைபேசியில் வாசித்தார். நான் தமிழில் சொன்னேன். ஜெனிற்றா முழுவதையும் கேட்டாள். பிறகு எழுந்து அறைக்குள் போய், கட்டிலுக்குக் கீழே இருந்த பயணப்பெட்டியை இழுத்து வெளியே எடுத்தாள். அதைத் திறக்கவில்லை. அதன்மேல் உட்கார்ந்தாள்.

அவள் அன்று கதறி அழுதாள் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். அழவில்லை. அவளுடைய கனவில் மாதா தோன்றினார் என்றும் சொல்கிறார்கள். தோன்றவில்லை. நான் தினமும் படுக்கப் போகுமுன் அன்று நடந்ததைக் குறித்து வைக்கும் பழக்கமுள்ளவள். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லவேண்டும் என்பது என் பிடிவாதம். ஆண்டவர் எங்களுக்குச் செய்த உதவிக்கு யாரும் சோடனை செய்யத் தேவையில்லை. அதனால்தான் அன்பான உறவுகளே, இதை நானே எழுதுகிறேன்.

நாங்கள் நோர்வேயில், ஒஸ்லோவின் புறநகரான ஸ்டோவ்னரில் இருக்கிறோம். நான் ஒரு வைத்தியசாலையில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் யேசுதாசன் பஸ் ஓட்டுகிறார். ஜெனிற்றா என் சித்தியின் மகள். மன்னார்க் கரையோரத்தில் பிறந்து வளர்ந்தவள். போரின் கடைசி மாதங்களில் அவளுடைய கணவர் காணாமல் போனார். அவரைத் தேடித் தரும்படி கேட்ட பெண்களோடு அவளும் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் இருந்தாள். அதற்காக அவளை விசாரணைக்கு என்று வவுனியாவுக்குக் கொண்டு போனார்கள். ஒரு முறை அல்ல. கடைசி முறை விடுதலையான பிறகு, சித்தி காணியை விற்று அவளை இங்கே அனுப்பி வைத்தார்.

ஒஸ்லோவில் அகதி விண்ணப்ப விசாரணையில் அங்கே என்ன நடந்தது என்று கேட்டார்கள். “கேள்வி கேட்டவை. பிறகு விட்டவை,” என்று சொன்னாள். மொழிபெயர்த்தவர் எங்கள் ஆட்களில் ஒருவர், வயதில் மூத்த ஆண். அவர் முன்னால் அதற்கு மேல் அவள் என்ன சொல்லியிருப்பாள்? எங்களுக்கும் அவள் அதற்கு மேல் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை. வீட்டில் ஒரு கதவும் பூட்டியிருக்கக் கூடாது, குளியலறை வெளிச்சம் அணையக் கூடாது. இந்த இரண்டும் எங்களுக்குத் தெரியும். அப்படியே வைத்திருந்தோம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எங்கள் ஆட்கள் அதை ‘அவ்ஸ்லாக்’ என்றுதான் சொல்வார்கள். நோர்வேஜியச் சொல்தான், ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் கிழவிகளுக்கும் அது விளங்கும். சட்டத்தரணி மேன்முறையீடு எழுதினார். அவள் பல வருடங்களாக நித்திரை இல்லாமல் இருக்கிறாள் என்ற குடும்ப வைத்தியரின் குறிப்பையும் அதோடு சேர்த்து அனுப்பினார். குடிவரவுத் திணைக்களம் அதற்கு எழுதிய பதிலில்தான் அந்த வசனம் வந்தது. விண்ணப்பதாரி தான் முழுமையாகக் குணமடைந்துவிட்டதாகப் பகிரங்கமாக அறிவித்திருக்கிறார், காணொளி இணையத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் எழுதியதில் பொய் இல்லை. அவள் சொன்னாள்தான்.

அவளை எப்படிச் சொல்ல வைத்தார்கள் என்பதை இனி எழுதவேண்டும்.

அதற்கு முந்திய மார்கழியில், எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒரு பெண் ஜெனிற்றாவைச் செபக்கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ட்வெய்ட்டாவில் கடைகளுக்குப் பின்பக்கம் ஒரு வாடகை மண்டபம். அதை நடத்துகிறவரை இங்கே றொபின்சன் என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல குரல். அவர் எந்தச் சபை என்று எழுத மாட்டேன். இப்படிப்பட்டவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், எங்கள் கத்தோலிக்கப் பங்கிலும் இருக்கிறார்கள். முதல் இரண்டு கூட்டங்களில் அவர் அவளைத் தனியே கூப்பிட்டு ஆறுதலாகக் கேட்டாராம். நித்திரை இல்லை, கெட்ட கனவு வருகிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

மூன்றாவது கூட்டத்துக்கு அவளை அழைத்துவர நானும் போனேன். கடைசி வரிசையில் இருந்தேன். றொபின்சன் அவளை மேடைக்கு ஏற்றினார். அவள் தனியே சொன்னதை எல்லோருக்கும் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. சித்திரவதை என்றார், இருட்டறை என்றார். அவள் அப்படி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. பிறகு அவளுடைய தலையில் கையை வைத்து அழுத்தினார். அவள் விறைத்து, முழங்கால் மடிந்து விழுந்தாள். மண்டபம் முழுவதும் அல்லேலூயா. நானும் அதை ஆவியின் வல்லமை என்றுதான் நினைத்தேன். அப்படி விழுகிறவர்களை எத்தனையோ தியானங்களில் கண்டிருக்கிறேன். எழுப்பி நிறுத்தி, கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

“சொல்லுங்கோ சிஸ்டர். விசுவாசத்தாலை முதல் வாயாலை அறிக்கையிடவேணும். பிறகுதான் உடம்பு கேக்கும்.”

அவள் சொன்னாள். அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய் வாந்தி எடுத்தாள். உபவாசம் இருந்ததால் வயிறு பிழைத்துவிட்டது என்று நான் இஞ்சி போட்டுத் தேநீர் கொடுத்தேன்.

மறுநாள் காணொளி இணையத்தில் வந்தது. அவளுடைய முழுப் பெயர், ஊர்ப் பெயர், முகம், எல்லாவற்றோடும். ‘சித்திரவதையின் பிடியிலிருந்து பூரண விடுதலை’ என்று தலைப்பு. எடுக்கச் சொல்லி நான் தொலைபேசியில் கேட்டேன். பல ஆத்துமாக்கள் அதைப் பார்த்து ஆசீர்வதிக்கப்படுகின்றன என்று பதில் வந்தது.

திணைக்களத்தின் பதில் வந்த பிறகு, சட்டத்தரணி ஒரு வழிதான் மிச்சம் என்றார். இப்படிப்பட்ட வழக்குகளுக்கு மதிப்பீடு எழுதிப் பழக்கமுள்ள ஓர் உளவியலாளரிடம் ஜெனிற்றா போகவேண்டும். அவர் பல அமர்வுகளில் பேசி, பரிசோதித்து, தன் முடிவை எழுதுவார். அது மேன்முறையீட்டுச் சபைக்குப் போகும். சபை விரும்பினால் ஜெனிற்றாவை நேரில் கூப்பிட்டு, ஆட்களுக்கு முன்னால் விசாரிக்கும். அங்கே அவள் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வரும்.

“சொல்லாட்டி?” என்று ஜெனிற்றா கேட்டாள்.

சொல்லாவிட்டால் அனுப்பிவிடுவார்கள் என்று நான் சொல்லவேண்டியிருந்தது. அவள் தலையாட்டினாள். “அப்ப போறன் அக்கா. அங்கை போய்ச் சாகிறது சுகம்.” கோபத்தோடு சொல்லவில்லை. கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறேன் என்பதுபோலச் சொன்னாள்.

அந்தக் கிழமை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைக் கண்டேன். கதை அவர் காதுக்கும் போயிருந்தது. “மனநோய்க் கேஸோ அக்கா? அது நல்லாப் போகும். பைத்தியம் எண்டால் இவங்கள் அனுப்ப மாட்டாங்கள்,” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கையில் மலிவு விலைத் துவாய்கள் வைத்திருந்தார்.

அடுத்ததாக றொபின்சன் வந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. அவ்ஸ்லாக் கதை கேள்விப்பட்டு, உதவி செய்ய வந்தாராம். தன் காணொளியால்தான் இந்த நிலை என்று அவருக்குத் தெரியும். அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேநீரை வாங்கிக்கொண்டு, ஜெனிற்றாவை எதிரே இருத்தி, பாடம் எடுக்கத் தொடங்கினார்.

“தங்கச்சி, டொக்டர் கேட்ட உடனை மறுமொழி சொல்லக் கூடாது. நிலத்தைப் பாக்கவேணும். பிறகு தண்ணி கேக்கவேணும். கிளாஸைப் பிடிக்கேக்க கை நடுங்கவேணும். கொஞ்சம் சிந்தினாலும் நல்லதுதான்.”

தன் தேநீர்க் கோப்பையை எடுத்து நடுக்கிக் காட்டினார். மேசைவிரிப்பில் சிந்தியது.

“நல்லாச் செய்யிறியள் தம்பி,” என்றார் என் கணவர். “அப்ப நீங்களே போகலாமே.”

றொபின்சன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார். கனபேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாராம். எல்லோருக்கும் சரிவந்ததாம். ஒரு சத்தம் கேட்டால் திடுக்கிடவேண்டும், வீட்டாரின் பெயரை மறந்ததுபோல் நிற்கவேண்டும், சாகவேண்டும்போல் இருக்கிறது என்று இரண்டு தடவைக்குக் குறையாமல் சொல்லவேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

நான் கேட்டேன்: “தம்பி, மார்கழியிலை இதே பிள்ளையைச் சுகம் எண்டு சொல்ல வைச்சனீங்கள். இப்ப சுகமில்லை எண்டு நடிக்கச் சொல்லுறியள்.”

“அக்கா, அது ஆவிக்குரிய காரியம். இது நோர்வேக்காரன்ரை காரியம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ.”

அந்த மனிதர் இதை வெட்கமில்லாமல், ஒரு கூடுதல் விளக்கம் கொடுப்பதுபோலச் சொன்னார். நான் பார்க்கும் வேலையில் இரத்தம், சீழ், எலும்புத் துகள் எல்லாம் ஒட்டிய கருவிகள் தட்டுத் தட்டாக வரும். எனக்கு அருவருப்பு வந்ததே இல்லை. என் வீட்டு மேசையில் இருந்த அந்த மனிதரின் கையைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

ஜெனிற்றா உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்புகிறவள்போல் அவரைக் கேட்டாள்: “அண்ணை, எனக்குக் கை நடுங்கிறேல்லை. நடுங்காட்டி, எனக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டோ அர்த்தம்?”

அவர் சொன்னார், “அதுக்குத்தான் தங்கச்சி பழகவேணும்.”

என் கணவர் எழுந்து அவருடைய மேலங்கியை எடுத்து வந்து கையில் கொடுத்தார். போன பிறகு நான் கோப்பையைக் கழுவினேன். பிறகு இன்னொரு தடவை கழுவினேன். பிறகு குப்பையில் போட்டேன்.

நான் எப்படிச் செபித்தேன் என்று இனிச் சொல்கிறேன். உண்மையில் அந்த நாட்களில் என்னால் செபிக்க முடியவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தால் றொபின்சனின் குரல்தான் காதில் வந்தது. ‘ஆண்டவரே’ என்ற சொல்லே அந்த வாயில் புரண்டு அழுக்காகிவிட்டதுபோல் இருந்தது. வழக்கை வெல்லத் தாரும் என்று கேட்கவும் கூசியது. வெல்வதற்கு அவள் எதைக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தபோது, அதைக் கேட்பதே அவளுக்குச் செய்யும் கொடுமையாகப் பட்டது.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தமிழில் சிலுவைப்பாதை நடக்கும். ஜெனிற்றா என்னோடு வருவாள். முன்னைய வருடங்களிலும் வந்திருக்கிறாள். பத்தாம் நிலை தொடங்கும்போது எழுந்து வெளியே போவாள், பதினோராம் நிலைக்குத் திரும்பி வருவாள். முழங்கால் நோகிறது, காற்று வேண்டும் என்று ஏதாவது சொல்வாள். அந்த வெள்ளிக்கிழமையும் எழுந்து போனாள். பத்தாம் நிலையில் ஆண்டவருடைய ஆடைகளை உரிகிறார்கள். புத்தகத்தில் அந்த வரியை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்கு என்ன நடந்தது என்பது அதற்கு மேல் எனக்குத் தெரியத் தேவையில்லாமல் போயிற்று.

அந்த இடத்திலேயே கேட்டேன். சத்தம் இல்லாமல், ஒரே ஒரு காரியம். “ஆண்டவரே, ஆட்கள் பார்த்திருக்க உம்மை உரிந்தபோது உமக்கு எப்படி இருந்தது என்று உமக்குத் தெரியும். இவளை இன்னொரு முறை ஆட்களுக்கு முன்னால் உரிய விடாதேயும்.” அவ்வளவுதான். வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இவள் இங்கே தங்குவதும் உரியப்படாமல் இருப்பதும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாவிட்டால் அனுப்புவார்கள், சொன்னால் உரிவார்கள். அதை அவரிடமே விட்டேன்.

உளவியலாளர் ஒரு நோர்வேஜியப் பெண், என் வயதுதான் இருக்கும். நகரத்தின் நடுவே பழைய கட்டடம் ஒன்றில் அவருடைய அறை. மொழிபெயர்க்க நான் இருக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். சொந்தக்காரர் மொழிபெயர்த்தால், சொந்தக்காரருக்குச் சொல்லக்கூடியதை மட்டும்தான் ஆள் சொல்வார் என்றார். ஒஸ்லோத் தமிழர் யாரும் வேண்டாம் என்றும் முன்பே முடிவு செய்திருந்தார். தொலைவிலுள்ள பேர்கன் நகரிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் தொலைபேசி ஒலிபெருக்கியில் மொழிபெயர்த்தார். முகம் இல்லை, பெயர் இல்லை, குரல் மட்டும். நாளைக்குக் கோயிலிலோ கடையிலோ எதிரே வரமாட்டாத ஒரு குரல். இந்தச் சின்ன ஒழுங்கைப் பார்த்ததும் என் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது.

தொடக்கத்தில் என்னையும் சிறிது நேரம் உள்ளே இருக்க விட்டார். அவர் சொன்ன முதல் விஷயம், தான் ஜெனிற்றாவின் பக்கமும் இல்லை, திணைக்களத்தின் பக்கமும் இல்லை என்பது. பார்ப்பதைத்தான் எழுதுவேன் என்றார். எனக்கு அது குளிர்ந்த தண்ணீரை முகத்தில் ஊற்றியதுபோல் இருந்தது. எந்தக் கேள்விக்கும் வேண்டாம் என்று சொல்லலாம், அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்பது இரண்டாவது விஷயம். பேர்கன் குரல் அதைத் தமிழில் சொன்னபோது ஜெனிற்றா தலையை நிமிர்த்தி அந்தத் தொலைபேசியைப் பார்த்தாள். இரண்டு நாடுகளிலும் எத்தனையோ பேர் அவளை விசாரித்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல விட்டவர் இவர் ஒருவர்தான்.

இரண்டாம் அமர்வுக்குத் தன்னோடு நான் இருக்கவேண்டும் என்று ஜெனிற்றா கேட்டாள். அன்று அந்தக் காணொளியைப் பார்க்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். உளவியலாளர் கணினியில் அதைத் தேடி எடுத்தார். தனக்குத் தமிழ் விளங்காது, சத்தம் வேண்டாம் என்று அணைத்துவிட்டார். பார்க்க முடியாவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பலாம் என்று ஜெனிற்றாவிடம் சொன்னார். அவள் திரும்பவில்லை.

அந்தக் காணொளியை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் என்ன சொன்னாள், எந்தச் சொல்லைச் சொன்னாள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் இல்லாமல் பார்த்தபோதுதான் அவளைக் கண்டேன்.

மேடை ஏறியதிலிருந்து அவளுடைய கண் றொபின்சனிலும் இல்லை, சனத்திலும் இல்லை. மண்டபத்தின் கதவில் இருந்தது. அவருடைய கை தலைக்கு வந்ததும் அவளுடைய முகம் சுருங்கவில்லை. அழவும் இல்லை. வீட்டில் ஆள் இல்லாததுபோல் முகம் வெறுமையாயிற்று. வலது கை கழுத்தருகே சால்வையைப் பிடித்து இறுக்கியது. விழும்போது இடது கை பாவாடையின் ஓரத்தைக் கணுக்கால்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. விழுந்த பிறகும் விடவில்லை. அவளைச் சுற்றி எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனந்தத்தில் விழுகிறவள் அப்படி விழமாட்டாள்.

உளவியலாளர் அந்த இடத்தில் காணொளியை நிறுத்தினார். பிறகு, இதில் என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்டார். பேர்கன் குரல் அதைத் தமிழில் கேட்டது.

“கை,” என்றாள் ஜெனிற்றா. “அந்தக் கையைத் தலையிலை வைச்ச உடனை நான் அங்கை இல்லை.”

“அப்ப எங்கை இருந்தனீங்கள்?”

“வவுனியாவிலை.”

பேர்கன் குரல் அதை ஒரே சொல்லாகச் சொன்னது. உளவியலாளர் எழுதினார். அதற்கு மேல் கேட்கவில்லை. ஜெனிற்றா தானாக இன்னும் இரண்டு வசனம் சொன்னாள். அவற்றை நான் எழுதமாட்டேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு இது போதும், நீங்கள் இதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்றார்.

சகோதரரே, சகோதரிகளே, அந்த அறையில் எனக்கு வந்த ஆத்திரத்தை எந்தச் சொல்லால் எழுதுவது? ஒரு பெண் பயத்தில் விறைத்து விழுகிறாள். மண்டபம் நிறைந்த விசுவாசிகள் அதைக் கண்டு கடவுளுக்குப் புகழ் என்று கத்துகிறார்கள். அதை நிறுத்து என்று சொல்ல ஒருவர் இல்லை. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத ஒரு பெண், கோயிலுக்குப் போகிறாரோ இல்லையோ எனக்குத் தெரியாது, ஒரு தடவை பார்த்ததும் கண்டுகொண்டார்.

மூன்றாம் அமர்வு நீளமான கேள்விகள். தூக்கம், பயம், நினைவு, பசி என்று பலவற்றைக் கேட்டாராம். றொபின்சன் சொல்லிக் கொடுத்தது அத்தனையும் அதில் இருந்தது. கை நடுங்குமா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். பெயர்கள் மறக்குமா, இல்லை. சாகவேண்டும்போல் இருக்குமா என்று கேட்டபோது, “முந்தி இருந்தது, இந்தக் கிழமை இல்லை,” என்றாளாம். ட்ரெயினில் திரும்பி வரும்போது, கனக்கக் கேள்விகளுக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிட்டேன், பிழையோ அக்கா என்று கேட்டாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பிறகு சட்டத்தரணி சொன்னார், அறிக்கைக்குப் பலம் கொடுத்ததே அந்த ‘இல்லை’தானாம். நடிக்க வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்வார்களாம்.

அறிக்கை சபைக்குப் போனது. காணொளியைப் பற்றி அதில் தனியாக எழுதியிருந்தார். அவள் குணமடைந்ததற்கு அது சாட்சி அல்ல, குணமடையாததற்கும், முதல் விசாரணையில் ஏன் பேச முடியாமல் போனது என்பதற்கும் அதுவே சாட்சி என்று.

பிறகு காத்திருப்பு. உயிர்ப்புத் திருவிழா வந்து போனது. கோடை வந்தது. சபை நேரில் கூப்பிடும், எப்படியும் கூப்பிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஜெனிற்றா தபால் வரும் நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டாள். ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவாள். பெட்டி கட்டிலுக்குக் கீழே போகவே இல்லை, சுவர் ஓரமாக நின்றது. நான் ஒவ்வொரு நாளும் அதே ஒரு செபத்தையே சொன்னேன். சில நாட்களில் நம்பிக்கையோடு. சில நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு.

பாடசாலைகள் திரும்பத் தொடங்கிய கிழமையில், நான் வேலையில் இருந்தபோது சட்டத்தரணி அழைத்தார். கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தேன். சபை முடிவு எடுத்துவிட்டது. ஜெனிற்றாவுக்குப் பாதுகாப்பு, இங்கே தங்க அனுமதி. அறிக்கையே போதுமானது என்று, அவளை நேரில் கூப்பிடாமலே முடித்துவிட்டார்கள்.

அந்தக் கடைசி வசனத்தை அவரைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவளைக் கூப்பிடவில்லையா? இல்லை. ஒருவரும் விசாரிக்க மாட்டார்களா? இல்லை, எல்லாம் முடிந்தது. உடுப்பு மாற்றும் அறையில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்டது அதைத்தான். அதை அப்படியே தந்திருந்தார். கேட்கத் துணியாததையும் சேர்த்துத் தந்திருந்தார்.

பாதி நேரத்தில் வேலையிலிருந்து வீட்டுக்குப் போனேன். ஜெனிற்றா வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள், நடக்கப் போகிறதற்கு. சொன்னேன். அவள் அனுமதியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அப்ப நான் இனி ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லையோ அக்கா?”

“இல்லைப் பிள்ளை. ஒருத்தருக்கும் இல்லை.”

சப்பாத்தோடு உள்ளே வந்து சோபாவில் இருந்தாள். நான் தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் நித்திரையாகிவிட்டாள். பகல் வெளிச்சத்தில், வாசல் கதவு திறந்தபடி. பின்னேரம்வரை எழும்பவில்லை. என் கணவர் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல், ஒரு போர்வையை மட்டும் போட்டுவிட்டார்.

இதோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் றொபின்சன் திரும்பி வந்தார். கையில் கேக் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஜெனிற்றா வழக்கு வென்ற சாட்சியைச் சொல்லவேண்டுமாம். காணொளி விஷயத்தையும் கேள்விப்பட்டிருந்தார். “பாத்தீங்களோ அக்கா? அண்டைக்கு நாங்கள் அந்த வீடியோவை எடுக்காட்டி இண்டைக்கு என்னத்தைக் காட்டியிருப்பியள்? கர்த்தர் முன்கூட்டியே ஆயத்தம் பண்ணினவர்.”

ஜெனிற்றா வாசலுக்கு வந்தாள். அவரை உள்ளே கூப்பிடவில்லை. கேக் பெட்டியையும் வாங்கவில்லை.

“அண்ணை, அதை அழியுங்கோ.”

“தங்கச்சி, அது இப்ப எல்லாருக்கும் ஒரு ஆசீர்வாதமா…”

“அழியுங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

அவர் என்னைப் பார்த்தார். கேக் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்தார். அவள் அருகே போய்த் திரையைப் பார்த்தபடி நின்றாள். அழிந்ததும், திரும்பத் தேடிக் காட்டச் சொன்னாள். காட்டினார். இல்லை. “சரி அண்ணை, போட்டு வாங்கோ,” என்று கதவைச் சாத்தினாள்.

அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அது என்னை நெடுநாள் உறுத்தியது. ஆண்டவர் அந்தக் காணொளியைத்தான் பயன்படுத்தினார். அவளை மிதித்த காரியத்தையே அவளைத் தூக்கும் காரியமாக மாற்றினார். நான் மறுக்கவில்லை. அதற்காக ஆண்டவருக்கு ஒவ்வொரு நாளும் நன்றி சொல்கிறேன். அந்தக் கைக்கு நன்றி சொல்ல மாட்டேன். என் மன்னிப்பும் இன்னும் முழுமையாக வரவில்லை. வந்துவிட்டது என்று எழுதினால் நானும் ஒலிவாங்கியைப் பிடித்தவள் ஆவேன்.

ஜெனிற்றா இப்போது ஒரு சிறுவர் பாடசாலையின் சமையலறையில் வேலை செய்கிறாள். சிகிச்சைக்குப் போகிறாள். நித்திரை வரும் நாட்கள் கூடியிருக்கின்றன, வராத நாட்களும் இருக்கின்றன. அவள் பூரண சுகம் என்று நான் எழுத மாட்டேன். அவள் இங்கே இருக்கிறாள், பாதுகாப்பாக இருக்கிறாள். அது உண்மை. நானும் மாறியிருக்கிறேன். யாராவது ஒருவரை எழுப்பிச் சாட்சி சொல்லச் சொன்னால், இப்போது நான் முதலில் அவருடைய முகத்தைப் பார்க்கிறேன். சொல்ல விருப்பமில்லாத முகமாக இருந்தால் எழுந்து நின்று, வேண்டாம் என்று சொல்கிறேன். இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை எங்கள் சொந்தப் பங்கில். சிலருக்கு என்னைப் பிடிக்கவில்லை.

இதை எழுதலாமா என்று ஜெனிற்றாவிடம் கேட்டேன். வாசித்துக் காட்டினேன். பெயரையும் ஊரையும் மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன். பிறகு சொன்னாள்: “எழுதுங்கோ அக்கா. என்னைப் போலை இன்னொருத்தியை மேடையிலை ஏத்தப் போகேக்க, ஆராவது இதை நினைச்சு நிப்பாட்டினால் காணும்.”

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். நீதிமன்றத்துக்கோ வைத்தியருக்கோ திணைக்களத்துக்கோ தன்னைத் திறந்து காட்டவேண்டிய ஒருவர். அவருக்கு நடிக்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள். சுகம் என்று சொல்லவும் வைக்காதீர்கள். அவருக்குப் பக்கத்தில் இருந்து, அவருக்காக ஆண்டவரிடம் மெதுவாகக் கேளுங்கள். வெட்கம் என்ன என்று தன் உடம்பில் அறிந்தவரிடம் கேட்கிறீர்கள். அவரை நம்பலாம். சத்தம் இல்லாமல் கேட்டாலும் அவருக்குக் கேட்கும்.